உள்ளங்கை அணு ஜைரோ: எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது

அணு ஜைரோ, அதாவது அணுக்களைக் கொண்டு சுழற்சியை அளக்கும் கருவி, என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "பெட்டி எவ்வளவு பெரிசு?" என்பதுதான். லேசர், மின்னணுப் பலகைகள், வெற்றிடக் கலன் எல்லாவற்றையும் ஒரு காலணிப் பெட்டிக்குள் அடக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. பெட்டியைச் சுருக்கும்போது அணு செல்லும் பாதையும் சுருங்குகிறது. பாதை பாதியானால் சமிக்ஞை பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. பிழைகளோ பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. சிறிய கருவியைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தக் கணக்கில் இருந்து தொடங்குவதே நல்லது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வளையத்தில் ஒளி எதிரெதிர்த் திசைகளில் சுற்றிவரும்போது, அந்த வளையமே சுழன்றால் இரண்டு கற்றைகளுக்கும் இடையே கட்ட வேறுபாடு (ஓர் அலையின் ஏற்ற இறக்கம் மற்றதில் இருந்து தள்ளிப்போவது) உண்டாகும். இதுதான் சாக்னாக் விளைவு. ஒளிக்குப் பதில் அணுவின் அலையை எடுத்துக்கொண்டால், அதே பரப்பளவுக்குக் கட்டம் கிட்டத்தட்ட 5,000 கோடி மடங்கு பெரிதாகிறது. ருபீடியம் 87 அணுவின் நிறை ஆற்றலை, அதன் 780 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றலால் வகுத்தால் வரும் எண் அது. இந்த எண்ணைக் காட்டித்தான் பலரும் ஆசை காட்டுவார்கள். ஆனால் ஒளியிழை ஜைரோவில் கிலோமீட்டர் கணக்கில் இழையைச் சுற்றிப் பரப்பைப் பெருக்கலாம். அணுவுக்கு அப்படி இழை கிடையாது. நமக்குக் கிடைப்பது சில சதுர மில்லிமீட்டர்தான்.

பெரிய கருவிகள் எங்கே நிற்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம். 1997இல் குஸ்டாவ்சன், பூயே, காசெவிச் மூவரும் சுமார் 2 மீட்டர் நீளமுள்ள சீசியம் அணுக்கற்றையில் ராமன் துடிப்புகளை (அணுவின் அலையைப் பிரித்துச் சேர்க்கும் லேசர் இணையின் துடிப்புகளை) பயன்படுத்திச் சுழற்சியை அளந்தார்கள். 2000ஆம் ஆண்டுக்குள் அந்தக் குழுவின் உணர்திறன், ஒரு விநாடி அளவீட்டில் 6×10⁻¹⁰ ரேடியன்/விநாடி என்ற நிலையை எட்டியது. பாரிஸ் குழு, குளிர்ந்த சீசியம் அணுக்களை மேல்நோக்கி எறிந்து, 11 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 801 மில்லிவிநாடி நேரமும் கொண்ட கருவியில், நீண்ட நேரச் சராசரியில் 3×10⁻¹⁰ ரேடியன்/விநாடி நிலைத்தன்மையை 2018இல் காட்டியது. இவை ஓர் அறையை நிரப்பும் கருவிகள். கப்பலிலோ விமானத்திலோ இப்படியே ஏற்ற முடியாது.

நாணயம்: மில்லிரேடியன்

ஒரு சிறிய வடிவமைப்பை எடுத்துக்கொள்வோம். ருபீடியம் 87, எதிரெதிரே எறியப்படும் இரண்டு அணு மேகங்கள், வேகம் விநாடிக்கு 3 மீட்டர், துடிப்புகளுக்கு இடையே 10 மில்லிவிநாடி. மூன்று துடிப்புகள்: பிரிக்க ஒன்று, திருப்ப ஒன்று, சேர்க்க ஒன்று. முதல் துடிப்புக்கும் கடைசித் துடிப்புக்கும் இடையே மேகம் 60 மி.மீ. நகர்கிறது. இரண்டு ஒளித்துகள்களின் உதைப்பு விநாடிக்கு 11.8 மி.மீ.; ஆகவே இரண்டு பாதைகளும் அதிகபட்சம் 0.12 மி.மீ. மட்டுமே விலகுகின்றன. பரப்பு 3.5 சதுர மி.மீ. ஒரு அரிசியின் நீளத்தை விட அகலம் குறைவாக, ஒரு நூலிழை போல நீண்ட இணைகர நிழல் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்த வடிவமைப்பில், சுழற்சி விநாடிக்கு 1 ரேடியன் என்றால் கட்டம் சுமார் 9,660 ரேடியன். பூமியின் சுழற்சி முழுவதும் இந்தப் பரப்புக்குச் செங்குத்தாகப் பட்டால் 0.70 ரேடியன். தலைகீழாகப் பார்த்தால், கட்டத்தில் 1 மில்லிரேடியன் பிழை என்பது மணிக்கு 0.02 டிகிரி. வழிகாட்டுத் தரமுள்ள ஜைரோவிடம் மணிக்கு 0.01 டிகிரியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆக நமக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தப் பிழை அரை மில்லிரேடியன். இனி எந்தப் பாகத்தைப் பற்றிப் பேசினாலும் அதன் பிழையை இந்த நாணயத்தில் மாற்றிச் சொல்கிறேன். எது செலவாளி, எது சிக்கனக்காரன் என்பது உடனே தெரிந்துவிடும்.

முதலில் இரைச்சலை இந்த நாணயத்தில் மாற்றுவோம். பயன்படும் அணுக்கள் 10 லட்சம், காண்ட்ராஸ்ட் (சமிக்ஞை எவ்வளவு தெளிவாக ஏறி இறங்குகிறது என்பது) 30 சதவீதம் என்றால், குவாண்டம் இரைச்சல் ஓர் அளவீட்டுக்கு 3.3 மில்லிரேடியன். விநாடிக்கு 20 அளவீடு எடுத்தால் இரண்டு மூன்று விநாடிக்குள் சராசரி அரை மில்லிரேடியனுக்கு இறங்கிவிடும். ஆகவே அணு எண்ணிக்கையும் இரைச்சலும் சிறிய கருவியின் முதல் எதிரி அல்ல. மெல்ல நகரும் பிழைகளே எதிரி. "உணர்திறன் இவ்வளவு" என்று மட்டும் சொல்லும் அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன். ஒரு மணி நேரம் கழித்து அது எங்கே நிற்கிறது என்பதே கேள்வி.

வேகமா, மெதுவா

பெட்டியின் நீளம் நிர்ணயிக்கப்பட்டுவிட்டதா, துடிப்பு இடைவெளி நிர்ணயிக்கப்பட்டுவிட்டதா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். இதைக் குழப்பிக்கொள்வதால் ஆரம்பத்திலேயே தவறான வடிவமைப்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கட்டம், வேகத்துக்கும் நேரத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். நேரம் நிர்ணயமென்றால் வேகமான அணுவே நல்லது. ஆனால் சிறிய கருவியில் நிர்ணயமாக இருப்பது நீளம். நேரம் என்பது நீளம் வகுத்தல் வேகம் என்று போட்டால், கட்டம் நீளத்தின் வர்க்கத்துக்கு நேராகவும் வேகத்துக்கு எதிராகவும் மாறுகிறது. அதே 60 மி.மீ. பெட்டியில் வேகத்தை விநாடிக்கு 1 மீட்டராகக் குறைத்தால் சமிக்ஞை மூன்று மடங்கு. இலவசமாகக் கிடைப்பது போல இருக்கிறது. ஆனால் பயண நேரம் 60 மில்லிவிநாடியாகிறது. அந்த நேரத்தில் மேகம் 17.7 மி.மீ. கீழே விழுகிறது. கற்றையும் ஜன்னலும் அதற்கேற்ப உயர வேண்டும், அளவீட்டு வீதமும் சரிகிறது. மறுபுறம், விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் வெப்ப அணுக்கற்றையை இதே நீளத்தில் வைத்தால் சமிக்ஞை நூறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அணுக்கள் இடைவிடாமல் வருவதால் இடைவெளி இல்லாத அளவீடு கிடைக்கும். விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வரையிலான வேகம் சிறிய கருவிக்குப் பொருத்தமான நடுவழி என்பது என் கணிப்பு.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் 2014இல் வெளியிட்ட வடிவமைப்பு இந்த நடுவழிக்கு நல்ல உதாரணம். 36 மி.மீ. இடைவெளியில், அணுக்களைக் குளிரவைத்துப் பிடித்துவைக்கும் இரண்டு பொறிகள். ஒன்றில் இருந்து எறியப்படும் மேகத்தை மற்றது பிடித்துக்கொள்ளும். அளந்து முடித்த அணுக்களில் பெரும்பகுதி திரும்பவும் பொறிக்குள் வந்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் ஆவியில் இருந்து புதிதாகச் சேகரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அளவீட்டு வீதம் விநாடிக்கு 50 முதல் 100 வரை. சிறிய பெட்டியில் நேரம் குறைவு என்ற பலவீனத்தையே பலமாக மாற்றிய யோசனை இது. மேகம் அதிகம் விரிவதற்குள் எதிர்ப் பொறியை அடைந்துவிடுகிறது.

கற்றையின் அகலத்தில் கை வைக்காதீர்கள்

இடம் மிச்சம் பிடிக்க முதலில் எல்லோரும் குறைக்க நினைப்பது லேசர் கற்றையின் விட்டம். அதுதான் மிகவும் விலை உயர்ந்த மிச்சம். காந்த-ஒளிப் பொறியில் சேரும் அணுக்களின் எண்ணிக்கை கற்றை விட்டத்தின் 3.6ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 12 மி.மீ. கற்றையை 6 மி.மீ. ஆக்கினால் அணுக்கள் 12இல் ஒரு பங்காகிவிடும். சுமார் 2 மி.மீ.க்குக் கீழே போனால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஆறாம் அடுக்கு விதி வந்துவிடுகிறது. ஹோத், டான்லி, கிச்சிங் 2013இல் அளந்து காட்டிய விதி இது. கற்றை குறுகும்போது அணு நிற்க வேண்டிய தூரமும் குறைவதால், மிக மெதுவான அணுக்கள் மட்டுமே சிக்கும்.

ராமன் கற்றைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 10 மைக்ரோகெல்வின் வெப்பநிலையில் ருபீடியம் மேகத்தின் வேகப் பரவல் விநாடிக்கு 31 மி.மீ. எறிவதும் அளப்பதும் சேர்ந்து 25 மில்லிவிநாடி ஆனால், புள்ளியாகத் தொடங்கிய மேகம்கூட 0.8 மி.மீ. பரவல் பெற்றுவிடும். தொடக்க அளவையும் சேர்த்தால் ஓரத்து அணுக்கள் நடுவில் இருந்து 3 மி.மீ. தொலைவில் இருக்கும். குறுகிய கற்றையில் அந்த அணுக்களுக்குச் செறிவு குறைவு. துடிப்பு அவற்றைப் பாதிதான் திருப்பும். காண்ட்ராஸ்ட் சரியும்.

துடிப்பின் கால அளவும் கற்றையோடு சேர்ந்து வரும் விஷயம். இந்த மேகத்தின் டாப்ளர் பரவல் (வேக வேறுபாட்டால் அணுக்கள் உணரும் அதிர்வெண் சிதறுவது) சுமார் 80 கிலோஹெர்ட்ஸ். 20 மைக்ரோவிநாடி நீளமுள்ள திருப்பும் துடிப்பின் அதிர்வெண் அகலம் 40 கிலோஹெர்ட்ஸ் அளவுதான். பெரும்பாலான அணுக்கள் துடிப்பைக் கவனிக்கவே கவனிக்காது. 5 மைக்ரோவிநாடிக்குள் திருப்ப வேண்டும். அதற்குச் செறிவு நான்கு மடங்கு வேண்டும். அகலமும் வேண்டும், செறிவும் வேண்டும் என்றால் லேசர் திறன்தான் ஏற வேண்டும். லேசரைச் சிறிதாக்கலாம்; திறனைக் குறைக்க முடியாது.

கீற்றணிப் பொறி (கீற்றணி என்பது ஒளியை வளைக்கும் நுண்ணிய கோடுகளின் வரிசை) இந்த நெருக்கடியில் நிஜமான உதவி. ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகக் குழு 2013இல் காட்டியது போல, ஆறு கற்றைகளுக்குப் பதில் ஒரே அகலமான கற்றையைச் சில்லு மீது விழச்செய்து, சில்லில் பொறித்த மூன்று கீற்றணிகள் சிதறவிடும் கற்றைகளால் மீதித் திசைகளை நிரப்பலாம். 1.08 மைக்ரோமீட்டர் இடைவெளி உள்ள கீற்றணி, 780 நானோமீட்டர் ஒளியை 46 டிகிரியில் வளைக்கும். ஒவ்வொரு கீற்றணியும் முதல் வரிசைக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஒளியைத் தர வேண்டும், நேரே திரும்பும் ஒளி இருக்கவே கூடாது. கற்றையின் நடுவும் ஓரமும் ஒரே செறிவில் இல்லையென்றால், பொறியின் மையம் செறிவோடு சேர்ந்து நகரும். இது வெறும் பொறிப் பிரச்சினை அல்ல. மேகம் 100 மைக்ரோமீட்டர் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

ஆடிதான் உண்மையான ஜைரோ

ராமன் கற்றைகள் இரண்டும் ஒரே இழையில் சேர்ந்து வந்து, அணுவைக் கடந்து, ஆடியில் பட்டுத் திரும்பும் அமைப்பையே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். இதில் ஓர் அழகான உண்மை இருக்கிறது. உள்ளே வரும் கற்றையின் திசையில் இருந்து, திரும்பும் கற்றையின் திசையைக் கழித்தால், எஞ்சுவது எப்போதும் ஆடியின் செங்குத்துத் திசைதான். உள்ளே வரும் கற்றை கொஞ்சம் சாய்ந்தாலும் முதல் நிலையில் பாதிப்பில்லை. நுழைவு ஜன்னலின் கண்ணாடி சுமாராக இருந்தாலும், இரண்டு அதிர்வெண்களும் அதை ஒன்றாகவே கடப்பதால் கெடுதல் பெரும்பாலும் கழிந்துபோகிறது. ஆடிக்கு முன்னால் உள்ள வெளியேறும் ஜன்னலும் ஆடியும் மட்டுமே கணக்கில் வருகின்றன. அந்த ஜன்னலை ஒளி இருமுறை கடக்கிறது. ஆடியை வெற்றிடத்துக்கு உள்ளேயே வைத்துவிட்டால் அந்தக் கவலையும் தீரும். செலவழிக்கும் பணத்தை இந்த ஒரு பாகத்தில் போடுங்கள் என்பேன்.

மூன்று துடிப்புக்கும் மூன்று தனித்தனி ஆடிகள் வைத்தால் என்ன ஆகும்? நடு ஆடி மட்டும் 10 மைக்ரோரேடியன் சாய்கிறது, இரண்டு மேகங்களின் பாதைகளும் 100 மைக்ரோமீட்டர் ஒத்துப்போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிழை 16 மில்லிரேடியன். நம் மொத்த அனுமதியின் 32 மடங்கு! 10 மைக்ரோரேடியன் என்பது, 100 மி.மீ. நீளமுள்ள ஒரு பட்டையின் ஒரு முனை ஒரே ஒரு மைக்ரோமீட்டர் உயர்வது. காலையில் அறை சூடேறும்போது உலோகத் தாங்கி செய்யும் வேலை அது.

ஆகவே ஒரே நீளமான கண்ணாடிப் பட்டையில் மூன்று துடிப்பும் திரும்பட்டும். 80 மி.மீ. நீளம், 10 மி.மீ.க்குக் குறையாத தடிமன். இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 0.1 டிகிரி வெப்ப வேறுபாடு வந்தால் சாதாரண போரோசிலிக்கேட் வகை ஒளியியல் கண்ணாடி சீராக வளையும். அந்த வளைவு ஒவ்வொரு மேகத்துக்கும் சுமார் 1 ரேடியன் கட்டம் தருகிறது. பயமுறுத்தும் எண். ஆனால் இரண்டு மேகத்துக்கும் அது முடுக்கம் போலவே தெரிவதால் சுழற்சிக் கணக்கில் அடிபட்டுப்போகிறது. முடுக்கக் கணக்கிலோ அது 60 மைக்ரோ-ஜிக்கு (மைக்ரோ-ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தில் 10 லட்சத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட பொய். சுழற்சியைக் கெடுப்பது, பட்டையின் ஒரு முனை மட்டும் முறுக்கிக்கொள்வது. அதனால் பட்டையை மூன்று புள்ளிகளில், சமச்சீராக, பசை குறைவாகத் தாங்குங்கள். ஒரு முனையில் மட்டும் திருகு போட்டு இறுக்கிய பட்டை, எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தாலும் வீண். உருகிய சிலிக்காவோ, ஏறக்குறைய விரிவே அடையாத கண்ணாடி வகையோ எடுத்தால் வளைவும் பத்து மடங்குக்கு மேல் குறையும்.

கிடைமட்டக் கற்றையில் இன்னொரு சிக்கல். கற்றை மேகத்தின் பாதைக்குச் சரியாகச் செங்குத்தாக இருந்தால், முன்னும் பின்னுமாக இரண்டு உதைப்புத் திசைகளும் ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யத் தொடங்கிவிடும். காண்ட்ராஸ்ட் குலையும். ஆடியை 2 டிகிரி சாய்த்தால், விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் 268 கிலோஹெர்ட்ஸ் டாப்ளர் நகர்வு வரும். 5 மைக்ரோவிநாடி துடிப்புக்கு அது போதும். ஆனால் எதிரெதிரே போகும் மேகங்கள் இப்போது எதிரெதிர் உதைப்பைப் பெறுகின்றன. அதனால் சுழற்சி இரண்டின் வித்தியாசத்தில் இல்லை, கூட்டலில் வரும். முடுக்கம் வித்தியாசத்துக்குப் போய்விடும். கணக்கு நிரலில் இந்தக் குறியைத் தவறவிட்டு, முடுக்கத்தைச் சுழற்சி என்று பதிவு செய்வது எளிதில் நடக்கும். 1 மைக்ரோ-ஜி முடுக்கம் ஒரு மேகத்தில் 16 மில்லிரேடியன் என்பதை நினைவில் வையுங்கள். மேசையை மெல்லத் தட்டிப் பார்த்தால் எந்த வரி துள்ளுகிறதோ அது முடுக்கம்.

வெற்றிடம்

வெற்றிடக் கலனைச் சுருக்குவது எல்லோரும் நினைப்பதைவிட எளிது. பல மாதம் காப்பாற்றுவதுதான் கடினம். சுழற்சி நேரம் 50 மில்லிவிநாடிதான் என்பதால் 10⁻⁸ மில்லிபார் அழுத்தமே தாராளம்.

மின்சாரமே இல்லாத கெட்டர் பம்பு (வாயுவைத் தன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும் உலோகம்) மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. கெட்டர் ஹைட்ரஜனை அருமையாக விழுங்கும். ஆனால் ஹீலியம், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களைத் தொடவே தொடாது. அறை வெப்பநிலையில் மீத்தேனையும் விட்டுவிடும். காற்றில் ஹீலியம் 10 லட்சத்துக்கு 5.2 பங்கு. அதாவது வெளியே 5×10⁻³ மில்லிபார் ஹீலியம் எந்நேரமும் கலனின் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. போரோசிலிக்கேட் கண்ணாடியும் உருகிய சிலிக்காவும் அதற்கு வழிவிடும். அலுமினோசிலிக்கேட் கண்ணாடி அல்லது நீலமணி ஜன்னல், டைட்டானியம் அல்லது செராமிக் உடல் என்று எடுத்தால் ஹீலியம் நுழைவது பல மடங்கு குறைகிறது. சாண்டியா ஆய்வகம் இந்தப் பாதையில், இயங்கும் பம்பு எதுவும் இல்லாமல் 200 நாட்களுக்கு மேல் குளிர்ந்த அணுக்களை வைத்திருந்ததை 2021இல் காட்டியது. சிறிய அயனிப் பம்பு மந்த வாயுவையும் எடுக்கும், ஆனால் அதன் காந்தம் அணுக்களுக்கு ஆகாது.

செய்முறையில் கவனிக்க வேண்டிய வரிசை உண்டு. முதலில் முழுக் கலனையும் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை ஒன்றிரண்டு வாரம் சூடாக்க வேண்டும். கெட்டரைச் செயல்படுத்துவது, 400 முதல் 450 டிகிரி வரை பத்துப் பதினைந்து நிமிடம், அந்தச் சூடாக்கலின் முடிவில், வெளிப்பம்பு இன்னும் இணைந்திருக்கும்போது நடக்க வேண்டும். கெட்டர் சூடாகும்போது சேர்த்து வைத்த ஹைட்ரஜனை வெளியே தள்ளும். பம்பு மூடியிருந்தால் அது உள்ளேயே சுற்றும். இண்டியம் முத்திரை உள்ள கலனை 150 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், இண்டியம் 156.6 டிகிரியில் உருகிவிடும். ருபீடியம் வழங்கியை, கெட்டர் நேரில் பார்க்காத இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் வழங்கியைச் சூடேற்றும் ஒவ்வொரு முறையும் அது கக்கும் வாயு கெட்டரின் மேற்பரப்பைத் தின்னும்.

காந்தப்புலம்: வேஷம் போடும் பிழை

ருபீடியத்தின் காந்த உணர்வற்ற நிலைகளையே பயன்படுத்துகிறோம். அப்படியும் இரண்டாம் படி நகர்வு, காஸ் வர்க்கத்துக்கு 575 ஹெர்ட்ஸ் மிஞ்சுகிறது. நாமே வேண்டுமென்று வைக்கும் 300 மில்லிகாஸ் சீரான புலத்தில், பாதையின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் 1 மில்லிகாஸ் வித்தியாசம் இருந்தால் கட்டம் 22 மில்லிரேடியன். இரண்டு மேகமும் ஒரே திசை உதைப்பைப் பெறும் அமைப்பில், ஒரு மேகம் இடமிருந்து வலமும் மற்றது வலமிருந்து இடமும் போவதால், இந்தச் சரிவு சரியாகச் சுழற்சியின் குறியோடு வருகிறது. இரண்டையும் கழித்தால் பிழை அடிபடாது, நிற்கும். உதைப்புத் திசையை அளவீடுதோறும் மாற்றி, ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்துப் பாதி எடுப்பதே மருந்து. உதைப்பு மாறினால் சுழற்சியின் குறி மாறும், காந்தப் பிழையின் குறி மாறாது. ஆடியைச் சாய்த்த அமைப்பில் இந்தப் பிழை முடுக்கத்தின் பக்கம் போய்விடுவது ஓர் ஆறுதல். திசை மாற்றத்தை அங்கேயும் விடக்கூடாது.

சிறிய கருவியில் பொறியின் சுருளும், காந்தக் கவசமும், உலோகச் சுவரும் அணுவில் இருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் நிற்கின்றன. சுருளை அணைத்ததும் சுவரில் சுழல் மின்னோட்டம் எழுந்து, சில மில்லிவிநாடி வரை புலத்தை இழுத்துக்கொண்டு போகும். பெரிய கருவியில் 400 மில்லிவிநாடியில் இது ஒரு துளி. நம் 10 மில்லிவிநாடியில் அது முதல் பாதியையே விழுங்கிவிடும். சுவருக்குச் செம்போ அலுமினியமோ வேண்டாம். செராமிக், கண்ணாடி, டைட்டானியம் என்ற வரிசையில் தேடுங்கள்.

லேசர்

இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடிக்கிறேன், ஏனென்றால் சுருங்குவதற்கு அதிக மனமுள்ள பாகம் லேசர்தான். தொலைத்தொடர்பு வகை 1560 நானோமீட்டர் லேசரின் அதிர்வெண்ணை இரட்டித்தால் 780 நானோமீட்டர் கிடைக்கும். ஒற்றை லேசரில் இருந்தே, 6.834 கிகாஹெர்ட்ஸ் கட்டப் பண்பேற்றி மூலம் ராமன் இணையை எடுக்கலாம். ஆபத்து இங்கேதான். பண்பேற்றி ஒரு பக்கப்பட்டையை (மூல அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் உருவாகும் புதிய அதிர்வெண்ணை) மட்டும் தருவதில்லை, இருபுறமும் தருகிறது. வேண்டாத பக்கப்பட்டைகளும் தமக்குள் ராமன் இணைகளாகி, ஆடியில் இருந்து அணு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்துக் கட்டத்தை மாற்றும். ஒற்றைப் பக்கப்பட்டை தரும் பண்பேற்றியைப் போட்டு மற்றவற்றை அடக்குவதே வழி.

எறியும் வேகத்தை எதிரெதிர்க் கற்றைகளின் அதிர்வெண் நிர்ணயிக்கிறது: விநாடிக்கு 3 மீட்டருக்கு, ஒன்றை 3.85 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி மற்றதை அதே அளவு இறக்க வேண்டும். அதிர்வெண் துல்லியமாக இருந்தும் வேகம் மாறுவதுண்டு. இழையில் முனைவாக்கம் மெல்ல நகர்ந்து கற்றைகளின் செறிவுச் சமநிலை கெட்டால், விடுவிக்கும் கணத்தில் மேகம் ஒரு பக்கம் தள்ளப்படும். விநாடிக்கு 3 மி.மீ. பிழை, அதாவது ஓர் ஒளித்துகள் உதைப்பில் பாதி, பூமியின் சுழற்சியில் மட்டும் 0.7 மில்லிரேடியன் பிழையாகிவிடும். ஒவ்வொரு கற்றையின் செறிவையும் கலனின் வாசலில் அளந்து திருத்துங்கள். இழைக்கு முன்னால் அளப்பதில் பலனில்லை.

திரும்பும் வண்டியில்

இதுவரை சொன்னதெல்லாம் மேசையில் அசையாமல் இருக்கும் கருவிக்கு. வண்டி திரும்பினால்? கட்டம் எந்தப் பக்கமும் அரைச் சுற்றைத் தாண்டினால் எந்தச் சுற்று என்று அணுவுக்குச் சொல்லத் தெரியாது. நம் கருவியில் அந்த எல்லை பூமிச் சுழற்சியின் நாலரை மடங்கு மட்டுமே. அதற்கு மேல் ஒரு சாதாரண ஜைரோ துணைக்கு வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி காண்ட்ராஸ்டில் விழுகிறது. மேகத்தில் உள்ள அணுக்களின் வேகம் ஒன்றுபோல் இல்லாததால், ஒவ்வொன்றும் வேறு கட்டம் பெறுகிறது. 10 மைக்ரோகெல்வின் மேகத்தில், விநாடிக்கு 0.6 டிகிரி சுழற்சியிலேயே காண்ட்ராஸ்ட் 60 சதவீதமாகும். 1 டிகிரியில் 22 சதவீதம். 2 டிகிரியில் நடைமுறையில் எதுவும் மிச்சமில்லை. ஒரு படகு அலையில் ஆடுவதே இதைவிட வேகம்.

ஒரு வழி, பீசோ தாங்கியில் (மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவில் நகரும் தாங்கியில்) உள்ள ஆடியை வண்டி சுழலும் திசைக்கு எதிராகச் சுழற்றி, அணுக்களின் பார்வையில் ஆடி அசையாமல் நிற்கச் செய்வது. விநாடிக்கு 10 டிகிரி சுழற்சியில், 20 மில்லிவிநாடிக்குள் ஆடி 3.5 மில்லிரேடியன் நகர வேண்டும். சிறிய பீசோக்களுக்கு அது எல்லை அளவு. மேலும் அந்த நகர்வின் துல்லியமே இப்போது ஜைரோவின் துல்லியம். இன்னொரு வழி, வேகப் பரவலைப் பகையாகப் பார்க்காமல் சமிக்ஞையாகவே எடுப்பது. புள்ளி போன்ற மேகத்தை விரியவிட்டுப் படம் எடுத்தால், வேகமான அணுக்கள் ஓரத்திலும் மெதுவானவை நடுவிலும் இருக்கும். சுழற்சி மேகத்தின் மீது வரி வரியாகப் பட்டைகளாகத் தெரியும். அமெரிக்கத் தரநிலைக் கழகத்தின் குழு 2019இல் சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடிக் கலனில் இதைச் செய்தது. எறிவதே இல்லை, ஒரே மேகம், இரண்டு அச்சுச் சுழற்சி. ஆனால் சிறிய கலனில் மேகம் விரிய இடமில்லை. கடைசி அளவு தொடக்க அளவின் பல மடங்காக இல்லையென்றால் பட்டைகள் இருக்க வேண்டியதைவிட அகலமாகத் தெரியும், சுழற்சி குறைவாகக் கணக்காகும். தொடக்க மேகத்தின் அளவை அன்றாடம் அளந்து திருத்தாமல் இந்த முறையை நம்பக்கூடாது.

இந்த நிலையில் அணு ஜைரோவின் பொருத்தமான பணி, நல்ல ஒளியிழை ஜைரோவின் பக்கத்தில் அமர்ந்து அதன் மெதுவான நகர்வைத் திருத்துவதே என்று நினைக்கிறேன். வேகமான அசைவை ஒளியிழை பார்த்துக்கொள்ளும். அது சரியான சுற்று எது என்பதையும் சொல்லும், பீசோ ஆடியையும் ஓட்டும்.

கட்டி முடித்த கருவி சரியா என்று பார்க்க ஒரு சோதனை போதும், ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். கருவியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பாதைகள் அடைக்கும் பரப்பு செங்குத்தாக நிற்கும்படி திருப்புங்கள். இப்போது கற்றை செங்குத்து. புவியீர்ப்பு மில்லிவிநாடிக்கு 25 கிலோஹெர்ட்ஸ் வீதம் டாப்ளரை நகர்த்தும். லேசர் அதிர்வெண் வேறுபாட்டை அதே வீதத்தில் ஓட்ட வேண்டும். ஆடியின் 2 டிகிரிச் சாய்வை எடுத்துவிடுங்கள். சாய்வும் புவியீர்ப்பும் சேர்ந்தால் இரண்டு மேகங்களும் வெவ்வேறு அதிர்வெண்ணைக் கேட்கும். எறிந்து 10 மில்லிவிநாடி கழித்து முதல் துடிப்பைப் போட்டால் உதைப்புத் திசைகள் தாமாகவே பிரிந்திருக்கும். இரண்டு மேகத்துக்கும் உதைப்பு ஒரே திசை என்பதால், காந்தச் சரிவு இங்கே சுழற்சி வேஷம் போடும். ஒவ்வொரு அளவீட்டிலும் திசையை மாற்றுங்கள். பிறகு கருவியை ஒரு திருப்பு மேசையில் 30 டிகிரிக்கு ஒருமுறையாக முழு வட்டம் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடம் நிறுத்தி அளவிடுங்கள். பூமிச் சுழற்சியின் கிடைமட்டப் பகுதி அழகான சைன் வளைவாக வரும். வளைவின் உயரம் அளவுக் காரணியைச் சொல்லும். வளைவின் நடுக்கோடு பூஜ்ஜியத்தில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ, அது உங்கள் கருவியின் பொய். இரவில் ஒருமுறை, பகலில் ஒருமுறை செய்து, இரண்டு நடுக்கோடுகளுக்கும் இடையே எத்தனை மில்லிரேடியன் என்று பாருங்கள்.